ஸ்கோப் மவுன்ட்டில் இறுகிப்போன திருகுகளைக் கழற்றுவது எப்படி? மிச்சிகன் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

ட்ராய், நோவை, கேன்டன் பக்கம் மான் வேட்டைக்குப் புதிதாகப் போகத் தொடங்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் ரைபிளைப் பழையதாகத்தான் வாங்குகிறார்கள், அதுவும் மேலே இருக்கும் ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து. பிறகு நல்ல ஸ்கோப் ஒன்றை மாட்டலாம் என்று திருப்புளியை வைத்தால் திருகு அசையவே அசையாது. என்னிடம் வந்து சேர்ந்த ரெமிங்டன் 700-இல் ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தகடான பேஸின் நான்கு திருகுகளையும் முன்பு வைத்திருந்தவர் சிவப்பு லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஊற்றி இறுக்கியிருந்தார். அவற்றைக் கழற்றுவதற்குள் நான் அங்கும் இங்குமாகத் தேடிக் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இந்த வேலையில் திருகு உடைவதைவிடத் திருகின் தலை தேய்வதுதான் அதிகம். தலை முழுசாக இருக்கும்வரை வேலை சுலபம். தலை போய்விட்டால் செலவு பல மடங்கு. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தத் தலையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

1. முதலில் காகிதங்களைச் சரிபாருங்கள்

திருகுக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அதில் நமக்குப் பயன்படும் முக்கியமான விலக்கு, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. மிச்சிகனின் அடிப்படை வேட்டை உரிமம் மார்ச் 1 முதல் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை செல்லும். மவுன்ட் வேலையெல்லாம் சீசன் முடிந்த பிறகு, வசந்த காலத்தில்தான் சாவகாசமாகச் செய்வோம். ஏப்ரல் முதல் வாரத்தில் பழைய உரிமம் முடிந்து, புதியது எடுக்காமல் ரைபிளைக் கையில் வைத்திருந்தால், எச்-1பி-யில் இருப்பவருக்கு அது வெறும் மறதி அல்ல, கூட்டாட்சிக் குற்றம். மார்ச் மாதத்திலேயே புதுப்பித்துவிடுங்கள். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் முதல்முறை உரிமம் எடுக்கும்போது வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

இதே காரணத்தால், இதே மாதிரி விசாவில், உரிமம் இல்லாமல் இருக்கும் அறை நண்பரிடம் "ரெண்டு நாள் இதை வச்சிருங்க" என்று ரைபிளைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கொடுத்தவருக்கும் சிக்கல், வாங்கியவருக்கும் சிக்கல். உங்கள் விசா நிலையில் துளி சந்தேகம் இருந்தாலும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள்.

வாங்கிய ரசீது, ரைபிளின் வரிசை எண், உரிமத்தின் நகல் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பட்டறைக்கு எடுத்துப்போக நேர்ந்தால் தேடவேண்டாம்.

2. ரைபிளைக் காலி செய்யுங்கள்

மேகசினை (தோட்டாப் பெட்டி) எடுங்கள். போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை, பின்னால் இழுத்து, முழுதாக வெளியே எடுத்து வேறு மேசையில் வையுங்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலையும் விட்டுத் தடவிப் பாருங்கள். வேலை செய்யும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. சூடும் சுத்தியலும் வரப்போகிற வேலை இது.

மரக் கட்டை கொண்ட ரைபிள் என்றால் உலோகப் பகுதியைக் கட்டையிலிருந்து பிரித்துவிடுவது நல்லது. எண்ணெய் கசிந்து மரத்துக்குள் இறங்கினால் மரம் மெத்தென்று ஆகிவிடும். அசிட்டோன் பட்டால் பாலிஷ் போய்விடும். ஸ்கோப்பில் ஒளிரும் குறி இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ரைபிளை அசையாமல் பிடிக்க ஒரு ஏற்பாடு கட்டாயம் வேண்டும். துப்பாக்கிக்கென்றே விற்கும் வைஸ் (மேசைப் பிடிப்பான்) இல்லாவிட்டால் சாதாரண வைஸின் தாடைகளுக்கு ரப்பரோ தோலோ வைத்துப் பிடியுங்கள். மடியில் வைத்துக்கொண்டு திருகினால் பிட் (திருப்புளியின் மாற்று முனை) நழுவும், தலை தேயும், சில நேரம் கையும் கிழியும்.

3. எந்தத் திருகு, அதற்கு எந்த பிட்?

ஸ்கோப்பை ரைபிளோடு சேர்க்கும் மவுன்ட்டில் இரண்டு அடுக்கு. ரிசீவர், அதாவது போல்ட் ஓடும் எஃகு உடல், அதன் மேல் உட்காருவது பேஸ். பேஸுக்கு மேலே ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிப்பது ரிங். பேஸை இறுக்கும் திருகுகள் பெரும்பாலான அமெரிக்க ரைபிள்களில் 6-48 அளவு. அதாவது தடிமன் 0.138 அங்குலம், சுமார் மூன்றரை மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 48 மரை. கொஞ்சம் பெரிய 8-40 அளவும் உண்டு. இவ்வளவு சன்னமான திருகில் மரை இத்தனை நெருக்கமாக இருப்பதால், துளி பசை போதும், பாறையாகப் பிடித்துக்கொள்ளும்.

இப்போதைய மவுன்ட்களில் தலை பெரும்பாலும் டார்க்ஸ் (நட்சத்திரக் குழி) டி-15. சில ரிங்குகளில் டி-10, சிலவற்றில் அறுகோண அலன் குழி. பழைய வீவர் வகையில் நேர்க்கோட்டு வெட்டு.

நேர்வெட்டுத் திருகுக்கு வீட்டில் இருக்கும் சாதாரணத் திருப்புளியை எடுக்கவே எடுக்காதீர்கள். அதன் முனை ஆப்புபோலச் சரிந்திருக்கும். திருப்பும்போது மேலேறி வெட்டின் விளிம்பைப் பிய்த்துவிடும். துப்பாக்கி வேலைக்கான பிட்களின் முனை இருபுறமும் இணையாக, வெட்டின் அடிவரை இறங்கும்படி கடையப்பட்டிருக்கும். பிரவுனெல்ஸ், வீலர், சாப்மன் ஆகியோரின் செட்களில் இவை கிடைக்கும். பிட்டின் அகலம் திருகுத் தலையின் அகலத்துக்குச் சரியாக இருக்கவேண்டும், பருமன் வெட்டை ஆடாமல் நிரப்பவேண்டும்.

டார்க்ஸ் தலைக்குள் மெழுகு, நகப்பூச்சு, பழைய எண்ணெய்க் கசடு அடைத்திருக்கும். குண்டூசியாலோ பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற கொக்கியாலோ சுரண்டி எடுங்கள். நகப்பூச்சு என்றால் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு அசிட்டோன். லென்ஸ் பக்கம் போகவிடாதீர்கள். சுத்தம் செய்த பிறகு பிட்டை உள்ளே வைத்துப் பாருங்கள். குழியின் அடியில் 'டக்' என்று உட்காரவேண்டும். உட்காரவில்லை என்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது, அல்லது பிட் அளவு தவறு. இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தாண்டி அவசரப்படுகிறவர்கள்தான் 7-ஆம் படிக்கு வந்து சேர்கிறார்கள்.

பழைய ரெட்ஃபீல்டு, லியூபோல்டு ஸ்டாண்டர்டு வகை மவுன்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். அவற்றில் முன் ரிங் பேஸுக்குள் கால்வட்டம் சுழன்று பூட்டிக்கொள்ளும் அமைப்பு. அதைத் திருப்ப ஸ்கோப்பையே நெம்புகோலாகப் பயன்படுத்தினால் ஸ்கோப் குழாய் வளைந்துவிடும். முதலில் ரிங்கின் மேல்மூடியைக் கழற்றி ஸ்கோப்பை எடுத்துவிட்டு, ஒரு அங்குலத் தடிமனுள்ள மரக்கழியையோ இரும்புக் கம்பியையோ வைத்துத் திருப்புங்கள்.

4. பிடித்திருப்பது பசையா, துருவா?

இதைத் தீர்மானிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள். யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது "எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடு" என்பதுதான். துருவுக்கு அது சரி. ஆனால் காய்ந்த லாக்டைட்டை எண்ணெய் கரைக்காது. எண்ணெய் விட்ட இடத்தில் பிறகு சூடு வைத்தால் புகையும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அதனால் வரிசை முக்கியம்.

திருகுத் தலையைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை, குழிக்குழியாக அரிப்பு, பேஸின் ஓரத்தில் செம்பொடி இருந்தால் துரு. தலை பளபளவென்று இருக்கிறது, மவுன்ட் நவீனமானது, ஆனாலும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பசை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தலையின் ஓரத்தில் சிவப்பு அல்லது நீலத் துணுக்கு ஒட்டியிருப்பது தெரியும். நீலம் கைக்கருவியால் கழலக்கூடியது. சிவப்பு சூடு இல்லாமல் வராது.

5. பசை என்றால் சூடு

சூடு என்றதும் டார்ச்சைத் தேடாதீர்கள். கேஸ் டார்ச், ஹீட் கன் இரண்டும் வேண்டாம். ரிசீவர் வெப்பப் பதம் கொடுக்கப்பட்ட எஃகு. தோட்டா வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அதைச் சுற்றி நெருப்பைக் காட்டினால் பதம் கெடலாம், கரும்பூச்சு நிச்சயம் கெடும். ஸ்கோப் மேலேயே இருந்தால் உள்ளே இருக்கும் நைட்ரஜனைக் காக்கும் ரப்பர் வளையங்களும் போகும்.

சரியான கருவி சால்டரிங் அயர்ன். 40 முதல் 60 வாட் வரை, உளிபோன்ற அகல முனை உள்ளது. கூர்முனையும் குறைந்த வாட்டும் பயன்படாது, ஏனென்றால் ரிசீவரின் பெரிய எஃகுத் தொகுதி சூட்டை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், பசை புகைந்தால் கண்ணும் தொண்டையும் எரியும். அயர்ன் முனையைத் திருகுத் தலையின் மேல் அழுத்தி ஓரிரு நிமிடம் வையுங்கள். முனையில் ஈயம் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். அது உருகி டார்க்ஸ் குழிக்குள் இறங்கினால் அடைத்துக்கொள்ளும். சூடேறுகிறதா என்று பார்க்க, பக்கத்து பேஸில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள். அது சுர்ரென்று ஆவியானால் அந்த இடம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது என்று தெரியும்.

சிவப்பு வகைக்கு 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கச் சொல்கிறது தயாரிப்பாளர் குறிப்பு. இவ்வளவு சிறிய திருகில் அதற்கு முன்பே பசை இளகத் தொடங்கிவிடுவதைப் பார்த்தேன். அயர்னை எடுத்த அடுத்த நொடியே பிட்டை வைத்து, முழு உடல் எடையும் கீழ்நோக்கி இறங்கும்படி அழுத்தி, மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். ஆறவிட்டால் பசை மறுபடி பிடித்துக்கொள்ளும். அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், மறுபடி சூடாக்குங்கள்.

இளகும் அந்தக் கணம் கையில் தெளிவாகத் தெரியும். முதலில் 'டிக்' என்று சின்னதாக ஒரு வெடிப்பு. அடுத்து வழவழப்பான, கனமான சுழற்சி. திருகு மேலேறி வர வர, மரைகளின் இடுக்கிலிருந்து காய்ந்த பொடி உதிரும். பாதியில் மறுபடி இறுகினால் அரைச்சுற்று உள்ளே திருப்பி, மீண்டும் சூடு காட்டி வெளியே எடுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் கழுத்தோடு முறியும்.

ஒரு திருகு வந்ததும் அடுத்தது. நான்கையும் ஒன்றாகச் சூடாக்க முயலவேண்டாம்.

6. துரு என்றால் எண்ணெயும் தட்டலும்

க்ராய்ல், பிபி பிளாஸ்டர் போன்ற ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டைத் திருகுத் தலையின் ஓரத்தில் விட்டு இரவு முழுவதும் விடுங்கள். அவசரத்துக்கு டபிள்யூடி-40 இருந்தால் அதையும் விடலாம், ஆனால் அந்த அளவுக்கு இறங்காது. பின்பக்கத் திருகுத் துளைகள் பல ரைபிள்களில் ரிசீவரின் உட்புறம்வரை திறந்திருக்கும். போல்ட் எடுத்த வழியாகக் கீழிருந்தும் ஒரு சொட்டு விட முடியும்.

மறுநாள் பிட்டைத் தலையில் நிறுத்தி, அதன் மேல் சிறிய பித்தளைச் சுத்தியலால் கூர்மையாகச் சில தட்டுகள் தட்டுங்கள். ஓங்கி அடிக்கவேண்டாம். அந்த அதிர்வு துருப் பிணைப்பை உடைக்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு கழற்றும் திசையில் போவதற்கு முன் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள். வலப்பக்கம் துளி அசைந்தாலும் இடப்பக்கம் வரும்.

துருவும் பசையும் சேர்ந்திருந்தால் எண்ணெயை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே அயர்னைத் தொடுங்கள்.

யாரிடமாவது ட்ரில் பிரஸ் இருந்தால் அது பெரிய வரப்பிரசாதம். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சக்கில் (ட்ரில் முனையைப் பிடிக்கும் தலை) டி-15 பிட்டை மாட்டி, கைப்பிடியால் கீழே இறக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, சக்கைக் கையாலேயே திருப்புங்கள். பிட் செங்குத்தாக நிற்கும், மேலேறாது. திருப்புவதற்கு மட்டுமே கை தேவைப்படும். மேசைமேல் என் கையால் அசையாமல் நின்ற திருகு, இந்த முறையில் சத்தமே இல்லாமல் வந்தது.

7. தலை தேய்ந்துவிட்டால்

லேசாக வழுக்கத் தொடங்கும்போதே நிறுத்துங்கள். வால்வு தேய்க்கும் பசை, ஆட்டோ உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் சொரசொரப்பான களிம்பு, அதில் துளியைப் பிட் முனையில் தடவினால் பிடிப்பு கூடும். அலன் குழி உருண்டையாகிவிட்டால், அதைவிடச் சற்றே பெரிய டார்க்ஸ் பிட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கிப் பாருங்கள்.

ரிங் மூடியின் திருகு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சிறு வெட்டுச் சக்கரத்தால் புது நேர்வெட்டு போடலாம். பொறி பறக்கும், லென்ஸ்களை முழுதாக மூடிவிட்டுச் செய்யுங்கள்.

அதுவும் முடியாவிட்டால் தலையைத் துளைத்தே எடுக்கவேண்டும். இதற்கு இடப்பக்கம் சுழன்று வெட்டும் ட்ரில் பிட் வாங்குங்கள். சாதாரண பிட் துளைக்கத் துளைக்கத் திருகை இன்னும் இறுக்கும். இடச்சுற்று பிட்டோ வெட்டும்போதே கழற்றும் திசையில் இழுக்கும், பல நேரம் பாதி துளைப்பதற்குள் திருகு தானாகவே சுழன்று வந்துவிடும். நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து அடையாளமிட்டு, முதலில் 5/64 அங்குல பிட், மெதுவான வேகம். வரவில்லை என்றால் 9/64 அங்குல பிட்டால் தலையை மட்டும் அறுத்துவிடுங்கள். திருகின் தண்டைவிட இது ஒரு இழை பெரியது, தலை கழன்று தனியே வந்துவிடும். பேஸைத் தூக்கி எடுத்ததும் திருகின் மேலிருந்த இழுவிசை போய்விடும், மிச்சமிருக்கும் தண்டைக் கவ்வும் இடுக்கியால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் விரலுக்கே வரும்.

ஈஸி-அவுட் எனப்படும் கூம்பு வடிவ எடுப்பானை இந்த அளவுத் திருகில் பயன்படுத்தாதீர்கள். அது உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டால், அந்த எஃகைச் சாதாரண ட்ரில் தொடக்கூட முடியாது. ஐந்து நிமிட வேலை பெரிய இயந்திரப் பட்டறை வேலையாகிவிடும்.

8. எந்த இடத்தில் கன்ஸ்மித்திடம் போவது?

தலை அறுந்து, தண்டு ரிசீவர் மட்டத்துக்குக் கீழே உடைந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொண்டு, கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்துவிடுங்கள். துளை சாய்ந்தால் ரிசீவருக்கே சேதம். மரை கெட்டிருந்தாலும் அவரே அதை 8-40 அளவுக்குப் பெரிதாக்கிப் புது மரை போட்டுத் தருவார். இது வழக்கமான வேலைதான்.

நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், நீங்களே போய் வாங்குங்கள். உரிமம் பெற்ற கன்ஸ்மித் பழுதுபார்த்த துப்பாக்கியைக் கொடுத்தவரிடமே திருப்பித் தரும்போது துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவமோ பின்னணிச் சோதனையோ தேவையில்லை. துப்பாக்கி இரவு பட்டறையில் தங்கினால் அவர் தன் பதிவேட்டில் உங்கள் பெயர், முகவரியோடு குறித்துக்கொள்வார். நீங்கள் காத்திருக்கும்போதே அன்றே முடித்துக் கொடுத்தால் அந்தப் பதிவுகூட வேண்டாம். நண்பர் வழியாகக் கொடுத்தனுப்பினால்தான் திருப்பி வாங்குவதில் குழப்பம் வரும். ரைபிள் குண்டில்லாமல், உறைக்குள், டிக்கியில் போகட்டும்.

9. செலவும் நாளும்

டார்க்ஸும் நேர்வெட்டும் சேர்ந்த நல்ல பிட் செட், சால்டரிங் அயர்ன், இடச்சுற்று ட்ரில் பிட் செட் இவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 முதல் 40 டாலருக்குள். எண்ணெய் 10 முதல் 20. புது 6-48 திருகுகள் சில டாலர்தான், பழையதை மறுபடி போடாதீர்கள். முறுக்குவிசை காட்டும் திருப்புளி 50 டாலரைத் தாண்டும், ஆனால் வாங்கித்தான் ஆகவேண்டும். கன்ஸ்மித்தின் கூலி ஆளுக்கு ஆள் மாறும். ஒரு திருகுக்கு எவ்வளவு, மணிக்கணக்கா என்று கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். துளைக்க நேர்ந்தால் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்யவேண்டும் என்றும் சொல்லுங்கள்.

மிச்சிகனில் ரைபிள் மான் சீசன் நவம்பர் 15-இல் தொடங்குகிறது. செப்டம்பருக்குப் பிறகு போனால் எந்தப் பட்டறையிலும் வரிசைதான். ஏப்ரல், மே மாதங்களில் இந்த வேலையை முடித்துவிட்டால் கோடை முழுவதும் சுட்டுப் பழகக் கிடைக்கும்.

10. திரும்பப் பூட்டும்போது

துளைகளில் இருக்கும் பழைய பசையை நைலான் தூரிகையால் எடுத்து, அசிட்டோனால் எண்ணெயை முழுதாகப் போக்குங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் புதுப் பசை காயாது. பேஸ் திருகுக்கு நீல லாக்டைட் ஒரு சிறு துளி போதும். குறைந்த பலமுள்ள ஊதா இன்னும் நல்லது. ரிங் மூடித் திருகுகளுக்குப் பசையே வேண்டாம்.

திருகின் நீளத்தையும் பாருங்கள். முன்பக்கத் திருகு ஒரு மரை நீளமாக இருந்தாலும் உள்ளே போல்ட்டின் பூட்டுக் காதில் (முனையில் துருத்தி நின்று பூட்டும் பகுதி) உரசும். பேஸை இறுக்கிய பிறகு போல்ட்டைப் போட்டு மூடித் திறந்து பாருங்கள். முன்னைவிடக் கனமாகத் தெரிந்தால் திருகைக் கழற்றி, நுனியை அரத்தால் தேய்த்துக் குறைத்துப் போடுங்கள்.

முறுக்குவிசை, ரிங் மூடிகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, பேஸின் 6-48 திருகுகளுக்கு 20-ஐ ஒட்டி என்பது பொதுவான அளவு. உங்கள் மவுன்ட்டோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ரிங் திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இருபுற இடைவெளியும் ஒரே அளவில் இருக்கவேண்டும்.

பசை முழுதாகப் பிடிக்க 24 மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகு ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சித் தளம்) போய் முதலில் 25 கெஜத்தில் தாளின் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு 100 கெஜத்தில் சரிசெய்யுங்கள். 20 தோட்டா உள்ள ஒரு பெட்டி இதற்குப் போதும். சுட்டு முடித்ததும் முறுக்குவிசைத் திருப்புளியால் ரிங் திருகுகளை மறுபடி ஒருமுறை சோதியுங்கள். ஏதாவது ஒன்று குறித்த அளவுக்கு முன்பே சுழன்றால் அதை அளவுக்கு இறுக்கி, 100 கெஜத்தில் இன்னும் மூன்று சுட்டுப் பாருங்கள்.